கவலையை இறக்கிவைக்க, நிதானமாக வாழ: மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமும் இருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பதில்கள் படித்துவிட்டுப் போவதற்கு அல்ல, செய்து பார்ப்பதற்கு. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் அதுவே ஒரு புதுக் கவலையாகிவிடும். ஒன்றை எடுத்து இரண்டு வாரம் ஓட்டுங்கள்.

“கவலைப்படாதே” என்று எல்லோரும் சொல்கிறார்கள். விட முடியவில்லையே, ஏன்?

விடச் சொன்னால் விடாது. ஒரு நினைப்பு வரக்கூடாது என்று தடுக்கும்போது, அது வந்துவிட்டதா என்று மனசு அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்ப்பதே அதை உள்ளே கூட்டிவந்துவிடும். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பேர்போனது. வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

துரத்துவதை விட்டுவிட்டு, கவலைக்கென்று தினமும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் வந்தால் “சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிவையுங்கள். பார்க்கவே கூடாது என்றால் முரண்டு பிடிக்கிற மனசு, அப்புறம் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அந்தக் ‘கவலை நேரத்தை’ எப்படிச் செய்வது?

நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் போதும். போனில் எழுத வேண்டாம். எழுத எடுத்த போனில் அடுத்த நிமிஷம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சாயங்காலம் 5.30 அல்லது 6 மணிக்கு, தினமும் ஒரே நாற்காலியில் 20 நிமிடம் உட்காருங்கள். கடை வைத்திருப்பவர்களுக்குச் சாயங்காலம்தான் வியாபாரம்; அவர்கள் மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு 3 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். தூங்கப் போவதற்கு மூன்று மணி நேரத்துக்குள் மட்டும் வேண்டாம். கட்டிலிலும் வேண்டவே வேண்டாம். படுக்கையில் உட்கார்ந்து கவலைப்பட்டுப் பழகினால், படுத்தாலே கவலை வரும்.

பகலில் ஒரு கவலை தலைகாட்டும்போது இரண்டே சொல் எழுதிவையுங்கள்: “காலேஜ் ஃபீஸ்”, “அப்பா சுகர்”. அதற்கு மேல் எழுதினால் அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். சாயங்காலம் அந்தப் பட்டியலைப் பிரித்தால், சிலது தானாகவே ஆறிப்போயிருக்கும். அதை அடித்துவிடுங்கள். மிச்சத்தை இரண்டாகப் பிரியுங்கள்: நான் ஏதாவது செய்ய முடிந்தது, என் கையில் இல்லாதது.

செய்ய முடிந்ததற்கு அடுத்த ஒரே ஒரு வேலையை நாள், மணியோடு எழுதுங்கள். “நகைக் கடனைப் பார்க்கணும்” என்று எழுதினால் அது இன்னும் கவலைதான். “செவ்வாய் காலை 10.30, வங்கிக்குப் போய் நிலுவை வட்டியும் மீட்கக் கடைசித் தேதியும் கேட்கணும்” என்று எழுதினால் அது வேலை. கையில் இல்லாததற்கு, உதாரணமாக மழை, பரீட்சை முடிவு, அடுத்தவர் பேச்சு போன்றவற்றுக்கு, “அப்படி நடந்தால் முதலில் என்ன செய்வேன்?” என்று ஒரு வரி எழுதி நிறுத்துங்கள். அலாரம் அடித்ததும் வாக்கியம் பாதியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். எழுந்த கையோடு உடம்பு அசையும் வேலையாக ஏதாவது எடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், காய்ந்த துணியை மடிக்கலாம்.

முதல் வாரம் கவலை கூடினமாதிரி இருக்கும். அதுவரை சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் பார்ப்பதால் வரும் மலைப்பு அது. இன்னொரு தடங்கல், நோட்டை வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் இருந்தால் உண்மையான கவலை எதுவும் தாளில் இறங்காது. வேலைகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர்த்துக்கொண்டு, எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய?

முதலில் ஒரு எச்சரிக்கை. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் “டென்ஷன்தான்” என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் பார்த்து இதயத்தில் கோளாறு இல்லை என்று சொன்ன பழைய படபடப்பு என்றால், மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். தொப்புள் மேல் ஒரு கை இருக்கட்டும். அந்தக் கை ஏறி இறங்க வேண்டும், தோள்பட்டை அல்ல. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும். அதுதான் இதன் சூட்சுமம்.

பலர் செய்யும் தப்பு, “நல்லா மூச்சை இழு” என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேகவேகமாக ஆழமாக இழுப்பது. இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். அதைப் பார்த்துப் பயம் இரண்டு மடங்காகும். மூச்சு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மெதுவாக இருந்தால் போதும்.

ராத்திரி படுத்தால்தான் எல்லாக் கவலையும் வரிசைகட்டி வருகிறது.

தூங்கா நகரம் என்ற பேரை ஊருக்கு வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு வேண்டாம். தூங்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைத்தான் முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. படுத்துச் சுமார் இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பி வாருங்கள். கடிகாரம் பார்த்து இருபதை அளக்காதீர்கள். மணி பார்ப்பதே தூக்கத்தை விரட்டும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவையுங்கள்.

டீ, காபியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டீயில் பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கிறது. கடை அடைத்துவிட்டுப் பதினொன்றரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுப்பவர்களுக்கு நெஞ்செரிச்சலே பாதிக் கவலை. எட்டு மணிக்கே கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மோர் குடித்தால் போதும்.

சித்திரை, வைகாசியில் பிரச்சினை வெக்கைதான். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்கக் கக்கும். பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். படுக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பது ஐஸ் தண்ணீரைவிட நல்லது. தோலுக்கு இரத்தம் வந்து, உடம்புச் சூடு வெளியேறும்.

நிதானமான வாழ்க்கை என்றால் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போவதா?

இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்ப்பவரிடம் கேட்டால், கிராமத்தில் கவலை இல்லை என்று யாரும் சொல்லமாட்டார். நாங்கள் சொல்வது, ஒரு நாளில் ஏதாவது ஒரு வேலையையாவது அதற்கு வேண்டிய நேரம் கொடுத்துச் செய்வது. அவ்வளவுதான். மண்பானையும் மரச்செக்கு எண்ணெயும் வாங்கினால்தான் நிதானம் வரும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

அப்படி எந்த வேலையை எடுக்கலாம்? எனக்குப் பொழுதுபோக்கு எதுவும் கிடையாது.

மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பூத் தொடுப்பதை. கை இரண்டும் கட்டுண்டிருக்கும், போன் எடுக்க முடியாது, அரைமணியில் பலன் கண்முன் இருக்கும்.

2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மல்லி, விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டுப் பொழுது சாயும்போது விரியும். அதனால் உதிரிப் பூவைக் காலையில் வாங்கி, மாலைக்குள் தொடுத்துவிட வேண்டும். விரிந்த பூவைத் தொட்டால் விரல் பட்ட இடம் பழுப்பேறும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலோ தெருமுனைப் பூக்காரரிடமோ 100 கிராம் வாங்குங்கள். மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறும். அப்போது 50 கிராமே போதும்.

வாழைநாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். காய்ந்த நார் இழுக்கும்போது அறும். நார் முனையை இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, இரண்டு மொட்டை ஒரு பக்கம் பார்த்தும், அவற்றின் காம்பு மேலேயே இன்னும் இரண்டை எதிர்ப்பக்கம் பார்த்தும் வையுங்கள். நான்கு காம்பும் சந்திக்கும் இடத்தில் நாரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு வலது கை விரலில் ஒரு கண்ணி போட்டு, மொட்டுகளின் மேலாக நுழைத்துக் காம்புக்குக் கொண்டுவந்து இழுக்க வேண்டும். இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ரொம்ப இறுக்கினால் காம்பு அறுந்து பூ கையோடு வரும். தளர்ந்தால் தலையில் வைக்கும்போது உதிரும். கண்ணி காம்பில் போய்க் கவ்வுவது விரலுக்குத் தெரியும், அங்கே நிறுத்திவிடுங்கள். அடுத்த நாலு மொட்டு முதல் கட்டை ஒட்டி வர வேண்டும். இடைவெளி விட்டால் நடுவில் நார் தெரியும்.

புதிதாகக் கற்பவருக்கு 100 கிராம் தொடுக்க அரைமணி முதல் முக்கால் மணி ஆகும். பூக்கடை அண்ணன் பேசிக்கொண்டே முழம்முழமாகத் தொடுப்பதைப் பார்த்து அந்த வேகத்துக்குப் போட்டி போட வேண்டாம், அது அவர் பிழைப்பு. பெண்கள் வேலை என்று ஒதுங்கும் ஆண்கள் எந்தப் பூ மார்க்கெட்டிலும் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

பூ ஒத்துவராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பால் காய்ச்சலாம். 100 கிராம் பருத்திவிதையை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, அரைத்து, துணியில் மூன்று தரம் பாலெடுங்கள். ஊறவைத்து அரைத்த பச்சரிசி இரண்டு ஸ்பூன் கலந்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். கரண்டியை விட்டுப் போனால் அடிபிடிக்கும். ஒருதரம் அடிபிடித்தால் வாடை போகாது. நன்றாகக் கொதித்துக் கெட்டியானதும் வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த்துருவல். பச்சையாகக் குடிக்கக் கூடாது. விதைப்புக்கு விற்கும் விதையில் மருந்து தடவியிருப்பார்கள். சாப்பிடுவதற்கென்று விற்கும் பருத்திவிதையைப் பலசரக்குக் கடையிலோ நாட்டுமருந்துக் கடையிலோ கேட்டு வாங்குங்கள்.

நடக்கப் போகலாம் என்றால் ஊரில் எங்கே போவது? எங்கே பார்த்தாலும் ஹார்ன் சத்தம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் கொண்டுபோக முடியாது. நிதானமாக நடக்க இதைவிட நல்ல சட்டம் கிடையாது. தரிசன வரிசையில் நிற்க வேண்டாம் என்றால், மதிலுக்குள் ஆடி வீதியை மட்டும் சுற்றிவந்து பொற்றாமரைக் குளப் படியில் கொஞ்சம் உட்காரலாம். காலை ஏழுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். வெயில் ஏறினால் வெறுங்காலில் கல் சுடும், அப்போது நடையல்ல ஓட்டம்தான். மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். காலையில் போங்கள். மாலையில் தின்பண்டக் கடைகளும் கூட்டமும் சேர்ந்துவிடும். கவலையை விடப் போய் காளான் தின்றுவிட்டு வருவீர்கள்.

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டிக் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு விடிந்ததும் போனால், தாமரைக் குளமும் ஆலமரமும் உங்களுக்கே. செட்டிப்புடவுக் குகையில் செதுக்கியிருக்கும் சமணத் தீர்த்தங்கரரைப் பார்த்துவிட்டு, தெம்பிருந்தால் மலைமேல் சமணச் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் வரை படியேறலாம். ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பாறை சூடேறுமுன் இறங்கிவிடுங்கள். அழகர்கோவில் போகிறவர்கள் தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டாம், குரங்குகள் விடாது. எங்கே போனாலும் காதில் பாட்டுக் கருவி வேண்டாம். நடைக்கணக்குப் பார்க்கவும் வேண்டாம்.

போனை என்ன செய்வது? தொழிலே அதில்தான்.

ஆட்டோ ஓட்டுபவரிடமும் டெலிவரி பார்ப்பவரிடமும் போனை அணைக்கச் சொல்வது அர்த்தமில்லாத பேச்சு. அழைப்பு மணி அடிக்கட்டும்; செய்தி, வாட்ஸ்ஆப், வீடியோ ஆகியவற்றின் அறிவிப்புச் சத்தத்தை மட்டும் அமைப்பில் போய் நிறுத்துங்கள். ராத்திரி சார்ஜர் ஹாலில் இருக்கட்டும், படுக்கையறையில் வேண்டாம். அலாரத்துக்குச் சின்னக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் ‘தொந்தரவு வேண்டாம்’ அமைப்பில் அவர்கள் எண்ணுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். எழுந்து முதல் அரைமணி போனைத் தொடாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பலன் அதிகமும் அதில்தான்.

வீட்டு வேலை முழுக்க என் தலையில். “மெதுவா வாழு” என்றால் குழம்பு யார் வைப்பது?

நியாயமான கேள்வி. வேலையைப் பங்கு போடாமல் ஒரு பெண்ணிடம் நிதானமாக இரு என்று சொல்வது, அவள் பட்டியலில் இன்னொரு வேலையைச் சேர்ப்பதுதான்.

ஒரு ஞாயிறு, கண்ணுக்குத் தெரியாத வேலைகளையும் சேர்த்து எழுதுங்கள்: குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருப்பது, கேஸ் பதிவு, பள்ளிக் குழுச் செய்திகள், மாமியார் மாத்திரை. அதில் மூன்றை முழுதாக வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள். “கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று கேட்டால், ஞாபகப்படுத்தும் வேலை உங்களிடமே தங்கிவிடும். “தண்ணி பிடிக்கிறது இனிமே உங்க பொறுப்பு” என்று முழுதாக ஒப்படையுங்கள். முதல் வாரம் தண்ணீர் பிடிக்காமல் விடுவார். நீங்கள் ஓடிப் பிடித்தால் அன்றோடு அது திரும்ப உங்கள் வேலைதான்.

காலைப் பரபரப்புக்குக் காரணம் பெரும்பாலும் சமையலின் வேகம் இல்லை, தேடல்தான்: சாக்ஸ், அடையாள அட்டை, வண்டிச் சாவி, டிபன் பாக்ஸ் மூடி. முந்தின ராத்திரியே எல்லாம் வாசல் பக்கத்து மேஜையில் இருக்க வேண்டும், பிள்ளைகள் தாங்களே எடுத்துவைக்க வேண்டும். வெஞ்சனம் இரண்டு வேண்டும் என்று சட்டமில்லை. வார நாளில் ஒன்று போதும்.

கடன் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி வட்டி கட்டுமா?

கட்டாது. கடன்கவலைக்கு மருந்து கணக்கு. ஒரு தாளில் யாரிடம், அசல் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, எந்தத் தேதி என்று நான்கு பத்தி போடுங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்பது காதுக்குச் சின்னதாகப் படும். அது ஆண்டுக்கு 36 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய். அதே தொகை வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 833 ரூபாய். ஆகவே உபரியாக வரும் பணம் வட்டி அதிகமான கடனுக்குத்தான் முதலில் போக வேண்டும், அதிகம் நச்சரிப்பவருக்கு அல்ல.

கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று மிரட்டினால், அதைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. காவல்துறையிலோ ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு. கடனை வீட்டில் மறைத்துவைப்பதுதான் தூக்கத்தைத் தின்னும் பெரிய விஷயம். முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். தவணை முறையில் சொன்னால் ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை குறையும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கட்டுப்படுத்த முடியாத கவலை பெரும்பாலான நாட்களில், ஆறு மாதமாக நீடித்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூங்குவதற்காகக் குடிக்கிறார் என்றால் ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும், ஆகவே இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றே, அந்த மணியே கூப்பிடுங்கள், அரசின் சுகாதார உதவி எண் 104-உம் உண்டு. மாத்திரை கொடுத்தால் நன்றானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் மந்திரிப்பதும் மனசுக்குத் தெம்பு என்றால் செய்துகொள்ளுங்கள், மாத்திரையை விடாமல்.

இரண்டு வாரம் செய்தேன். சொந்தத்தில் கல்யாணம் வந்து எல்லாம் விட்டுப்போச்சு.

விடத்தான் செய்யும். சித்திரைத் திருவிழா, ஆடி வெள்ளி, பிள்ளைகள் பரீட்சை என்று எது வந்தாலும் அட்டவணை உடையும். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து எழுத உட்காராதீர்கள். விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள் அதே நாற்காலி, அதே 5.30, நோட்டு மட்டும். நடையும் பூவும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.